பழைய பெட்டிக்குள் புதிய இடம்

பத்து வயது கம்ப்யூட்டரைக் கழித்துக் கட்டுவதற்கு முன் இன்னொரு ஹார்ட் டிஸ்க் போட்டுப் பார்க்கலாம். வேலை அரை மணி நேரம்தான். ஆனால் எதை, எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் பல வருட ஃபைல்களின் தலையெழுத்து இருக்கிறது.

முதலில் ஒரு சிவப்புக் கோடு தெரியும். டிரைவில் பத்து சதவீதத்துக்கும் குறைவான இடம் மிஞ்சும்போது விண்டோஸ் அந்தக் கோட்டை நீலத்திலிருந்து சிவப்புக்கு மாற்றிவிடும். பிறகு கம்ப்யூட்டர் தடுமாறத் தொடங்கும். ஒரு கடிதத்தைத் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். கடைசியில் ஒரு நாள், ‘டிஸ்க்கில் இடமில்லை’ என்று கையை விரித்துவிடும்.

இந்தச் சிவப்புக் கோட்டை அதிகம் பார்ப்பவர்கள் கம்ப்யூட்டர் பிரியர்கள் அல்ல. கணக்கு எழுதிக் கொடுக்கும் ஆடிட்டர் அலுவலகங்கள், கல்யாண ஆல்பம் தயாரிக்கும் ஸ்டூடியோக்கள், பேஜ்மேக்கரைக் கைவிடாத டி.டி.பி. கடைகள், பேரன் பேத்தி படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ரிட்டயர்டு தாத்தாக்கள். இவர்களுக்குப் புதிய கம்ப்யூட்டர் வாங்குவது வெறும் பணப் பிரச்சினை அல்ல. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001ல். அதில் பழைய தமிழ் எழுத்துருக்களைக் கொண்டு அடித்த நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புதிய மெஷினுக்குக் கொண்டுபோனால் எழுத்துகள் எல்லாம் வெறும் கிறுக்கலாகத் தெரியும் அபாயம் உண்டு. ஓடுகிற மெஷினைத் தொடாதே என்பது இந்தக் கடைகளில் எழுதப்படாத சட்டம்.

எழுதப்பட்ட சட்டமும் இருக்கிறது. 2013ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி ஒரு கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டமோ வருடாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கு இருக்க வேண்டும் என்கிறது. ‘டிஸ்க் போய்விட்டது சார்’ என்ற பதிலை எந்த அதிகாரியும் ரசிக்கப்போவதில்லை.

இந்த நிலையில் 2025 அக்டோபர் 14ம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அதற்கு முந்தைய கோடிக்கணக்கான மெஷின்கள் ஒரே நாளில் ‘பழசு’ ஆகிவிட்டன. பழசின் கடைசிப் போக்கிடம் எது என்பதும் தெரிந்ததுதான்: டெல்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் வெறும் கையால் உடைக்கப்படும் மின்னணுக் குப்பை. 2022ல் உலகம் முழுவதும் சேர்ந்த இந்தக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரிக்கப்பட்டது அதில் கால் பங்குகூட இல்லை.

இன்னொரு டிஸ்க் போடுவதால் பழைய மெஷினுக்கு விண்டோஸ் 11 வந்துவிடாது. இன்டர்நெட்டைத் தொடாமல் கணக்கும் பக்க வடிவமைப்பும் செய்யும் மெஷினுக்கு அது அவசியமும் இல்லை. இன்டர்நெட் வேண்டுமென்றால் இலவச லினக்ஸ் இருக்கிறது. எந்த வழியில் போனாலும் முதல் தேவை இடம்தான்.

எந்தக் காலத்துப் பெட்டி?

கடைக்குப் போவதற்கு முன் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி ஒரு முறை உள்ளே பார்த்துவிடுவது நல்லது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் கேபிள் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையாக இருந்தால் அது ஐ.டி.இ. காலத்து மெஷின். 40 ஊசிகள் கொண்ட இணைப்பு. சுண்டு விரலைவிட மெல்லிய கேபிளாக இருந்தால் சாட்டா. 2003ல் சந்தைக்கு வந்த சாட்டா, சில வருடங்களில் ஐ.டி.இ.யை ஓரங்கட்டிவிட்டது. 2008க்குப் பிறகு வாங்கிய மெஷின் என்றால் பெரும்பாலும் சாட்டாதான்.

ஐ.டி.இ.யில் ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்குகள் தொங்கும். ஒன்று ‘மாஸ்டர்’, மற்றது ‘ஸ்லேவ்’. எது எது என்பதை டிஸ்க்கின் பின்புறம் உள்ள ஜம்பர் என்ற குட்டி பிளாஸ்டிக் தொப்பியை மாற்றிச் செருகிச் சொல்ல வேண்டும். படம் டிஸ்க்கின் மேல் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். இரண்டையும் மாஸ்டராக விட்டால் ஒன்றும் வேலை செய்யாமல் போகலாம். கேபிளின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு மின் இணைப்பு இருக்கும் பக்கமாக வர வேண்டும். புதிய ஐ.டி.இ. டிஸ்க்குகள் தயாரிப்பில் இல்லை. கிடைப்பது பழைய சரக்குதான். அதனால் இந்த மெஷின்களுக்கு டிஸ்க்கைச் சேர்ப்பதைவிட உள்ளே இருப்பதை வெளியே பிரதி எடுத்து வைப்பதுதான் அவசரம்.

சாட்டாவில் இந்த எஜமான், அடிமை வம்பே இல்லை. ஒரு டிஸ்க்குக்கு ஒரு கேபிள். மதர்போர்டில் காலியான சாட்டா துளை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் தூசி படிந்து கிடக்கும் டி.வி.டி. டிரைவின் கேபிளைக் கழற்றி அந்தத் துளையை எடுத்துக்கொள்ளலாம். யாரும் அதைத் தேடப்போவதில்லை.

சாட்டாவிலும் மூன்று தலைமுறைகள் உண்டு. நொடிக்கு சுமார் 150, 300, 600 எம்.பி. வேகம் கொண்டவை. புதிய டிஸ்க்குகள் பழைய துளையிலும் வேலை செய்யும், வேகம் மட்டும் குறையும். மிகப் பழைய சில மதர்போர்டுகள் மட்டும் புதிய டிஸ்க்கைக் கண்டுகொள்ளாமல் இருப்பதுண்டு. வாங்கும்போதே ‘வேலை செய்யாவிட்டால் மாற்றித் தர வேண்டும்’ என்று பேசிக்கொள்வது புத்திசாலித்தனம்.

எவ்வளவு பெரிது?

ஹார்ட் டிஸ்க்கின் வரலாறே எல்லைச் சுவர்களை உடைத்த வரலாறுதான். 1956ல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க் இயந்திரத்தில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. மொத்தக் கொள்ளளவு 5 எம்.பி.யைத் தொடவில்லை. இன்றைய ஒரு செல்போன் படம்கூட அதில் சிரமப்பட்டுத்தான் உட்காரும். 1983ல் வந்த ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி.யில் 10 எம்.பி. இருந்தது. இதை எப்படி நிரப்பப்போகிறோம் என்று மலைத்தவர்கள் அன்று உண்டு.

பிறகு பழைய பயாஸ்களின் கணக்கு முறை 504 எம்.பி.யில் முட்டியது, அதைத் தாண்டியதும் 8.4 ஜி.பி.யில் முட்டியது, அப்புறம் 137 ஜி.பி.யில். சர்வீஸ் பேக் எதுவும் போடாத முதல் விண்டோஸ் எக்ஸ்.பி.யும் அந்த 137ல்தான் நின்றது. இன்றைய வாசகருக்குக் குறுக்கே வரக்கூடிய சுவர் 2 டி.பி. டிஸ்க்கை எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் பிரித்தால் 2 டி.பி.க்கு மேல் உள்ள இடம் வீண். ஜி.பி.டி. என்ற புதிய முறையில் இந்தத் தடை இல்லை. ஆனால் சாதாரண 32 பிட் எக்ஸ்.பி.க்கு ஜி.பி.டி. புரியாது. விண்டோஸ் விஸ்டா முதல் புரியும். எக்ஸ்.பி. மெஷின் என்றால் 2 டி.பி.க்குள் அடங்குவது உத்தமம்.

இன்னொரு சின்ன அதிர்ச்சிக்கும் தயாராக இருங்கள். 1 டி.பி. என்று வாங்கிய டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது.

சுழலும் தட்டா, சில்லா?

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகின்றன. அதாவது நொடிக்கு 120 சுற்று. தேவையான இடம் ஊசியின் கீழ் வந்து சேரும் வரை ஊசி காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்து மில்லி செகண்டுக்கு மேல் போகும். விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான முறை காத்திருக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை, எல்லாம் சில்லுதான். காத்திருப்பு சுமார் நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. பழைய மெஷினில் ஒரே ஒரு மாற்றம் செய்ய முடியும் என்றால் எஸ்.எஸ்.டி.தான் அது.

ஆகவே கேள்வி இரண்டாகப் பிரிகிறது. மெஷின் வேகமாக வேண்டுமா, இடம் மட்டும் வேண்டுமா? வேகம் என்றால் 256 அல்லது 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றிவிட்டு, பழைய டிஸ்க்கை ஃபைல்களுக்கு வைக்கலாம். இடம் மட்டும் என்றால் சுழலும் டிஸ்க்தான் ஜி.பி.க்கு மலிவு.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பலர் புதிய டிஸ்க்கை சினிமாவுக்கும் பாட்டுக்கும் ஒதுக்கிவிட்டு, கணக்கையும் குடும்பப் படங்களையும் பத்து வயதுப் பழைய டிஸ்க்கிலேயே விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கி குப்பைத் தொட்டிக்குப் போடுவது மாதிரிதான் இது. அருமையான ஃபைல்களின் ஒரு பிரதியாவது புதிய டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

வாங்கும் இடத்தில்

டெல்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லேமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, கொல்கத்தாவில் சாந்தினி சௌக், சென்னையில் ரிச்சி தெரு. எங்கே போனாலும் ஒரே டிஸ்க்குக்கு மூன்று விலை சொல்வார்கள். விலை நிலையானதும் அல்ல. 2011ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து அங்கிருந்த ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகம் முழுவதும் விலை எகிறியது. ‘மிக மலிவு’ என்ற குரல் கேட்டால் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

காரணம், பழைய டிஸ்க்கைத் துடைத்துப் புதிது என்று விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. 2025ன் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரிய பிராண்டின் டிஸ்க்குகள் இப்படி அம்பலமாயின. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை அவை. ஓடிய நேரக் கணக்கு பூஜ்யமாக்கப்பட்டு, புதியவை என்று கடைகளுக்கு வந்திருந்தன. ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். டிஸ்க்கின் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வெப்சைட்டில் கொடுத்து வாரண்டி எந்தத் தேதி வரை என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். நடைபாதை விலைக்கு 16 டி.பி. என்று விற்கப்படும் வெளிப்புற டிஸ்க்குகள் பெரும்பாலும் ஏமாற்று. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு உட்கார்ந்து பெரிய டிஸ்க் வேஷம் போட்டுக்கொண்டிருக்கும்.

டிஸ்க்குடன் சாட்டா கேபிள் ஒன்று, நான்கு திருகுகள், எஸ்.எஸ்.டி. என்றால் இரண்டரை அங்குலத்தை மூன்றரை அங்குல இடத்தில் பொருத்தும் சட்டம் ஒன்று. இவ்வளவுதான் சாமான்.

கரண்ட் விஷயம்

சுழலும் மூன்றரை அங்குல டிஸ்க் ஓடும்போது 6 முதல் 8 வாட் எடுக்கும். ஆனால் ஆன் செய்த சில நொடிகளில், தட்டுகளைச் சுழல வைக்க 20 வாட்டுக்கு மேல் கேட்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் பத்து வருட வெயிலும் தூசியும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் பார்த்த மலிவு எஸ்.எம்.பி.எஸ். அந்த நொடியில் தள்ளாடலாம். மெஷின் ஏற்கெனவே காரணமில்லாமல் அணைந்து எழுகிறது என்றால் முதலில் மாற்ற வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்.தான். எஸ்.எஸ்.டி.க்கு இரண்டு மூன்று வாட் போதும், அதனால் இந்தக் கவலை குறைவு.

சாட்டா மின் இணைப்பு போதவில்லை என்றால் பழைய நான்கு ஊசி மோலக்ஸ் இணைப்பிலிருந்து மாற்றிக் கொடுக்கும் ஒயர் விற்கிறார்கள். மலிவுதான், ஆனால் கவனம். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து மூடிய இணைப்புகளில் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. கம்பிகள் தனித்தனியாக மேலிருந்து அழுத்திச் செருகப்பட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கேபினட்டைத் தொட்டால் விரலில் ‘ஜிவ்’ என்று ஏறுகிறதா? அது மெஷினின் குணம் அல்ல, வீட்டில் எர்த் இல்லை என்பதன் அடையாளம். பல வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரம்தான். புதிய டிஸ்க்குக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

திருகாணி வேலை

பெட்டியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச சாஃப்ட்வேரை ஓட்டி, பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். பழுதான பகுதிகளை மாற்றி ஒதுக்கிய எண்ணிக்கை, படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை என்ற இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. இரண்டில் ஒன்று ஏறிக்கொண்டே போனால், அல்லது ‘டக் டக்’ சத்தம் கேட்டால், திட்டத்தை மாற்றுங்கள். முதலில் முக்கிய ஃபைல்களை வெளிப்புற டிஸ்க்குக்கு எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு. நோயாளி மூச்சு வாங்கும்போது வீட்டுக்கு வெள்ளையடிப்பதில்லை.

இனி வேலை. மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிடுங்கள். மிச்சமிருக்கும் கரண்டும் போய்விடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். கடலோர ஈரக்காற்றில் இது பெரிதாகத் தோன்றாது. டெல்லிக் குளிர்காலத்தில் ஸ்வெட்டர் போட்டவர்களுக்குப் படபடவென்று பொறி பறப்பது தெரியும். புதிய டிஸ்க்கைத் தட்டில் செருகி இரு பக்கமும் திருகுங்கள். தொங்கவிடாதீர்கள், பழைய டிஸ்க்கோடு ஒட்டியும் வைக்காதீர்கள். காற்று புக இடம் வேண்டும். கேபிள் முனைகள் ஆங்கில எல் எழுத்து வடிவில் இருக்கும். ஒரு பக்கமாகத்தான் நுழையும். பலம் காட்ட வேண்டியதில்லை.

ஆன் செய்ததும் ‘சிஸ்டம் இல்லை’ என்று திரையில் வந்தால் பதற வேண்டாம். பழைய டிஸ்க் அழிந்துவிடவில்லை. பயாஸ் புதிய காலி டிஸ்க்கில் விண்டோஸைத் தேடுகிறது, அவ்வளவுதான். பயாஸுக்குள் போய், எதிலிருந்து முதலில் தொடங்குவது என்ற வரிசையில் பழைய டிஸ்க்கை மேலே ஏற்றினால் சரியாகிவிடும். அங்கே சாட்டா முறை என்ற இடத்தில் ஐ.டி.இ., ஏ.எச்.சி.ஐ. என்று இருப்பதை மட்டும் கண்டபடி மாற்றாதீர்கள். மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையுடன் நின்றுவிடலாம்.

விண்டோஸ் திறந்த பிறகும் ‘மை கம்ப்யூட்டரில்’ புதிய டிஸ்க் தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே டிஸ்க்கை ‘இனிஷியலைஸ்’ செய்யவா என்று கேட்கும். புத்தம்புது டிஸ்க் என்றால் சரி சொல்லி, என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்து ஓர் எழுத்தைக் கொடுங்கள். ஆனால் வேறு மெஷினிலிருந்து கழற்றி வந்த, ஃபைல்கள் உள்ள டிஸ்க்குக்கும் அதே கேள்வி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த டிஸ்க்கின் பொருளடக்கத்தை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். ‘சரி’ என்று அழுத்துவது, படிக்க முடியாத கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். எந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்கிறோம் என்பதைக் கொள்ளளவை வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். திருகாணி வேலையில் தப்பு செய்தால் திருத்திக்கொள்ளலாம். இங்கே தப்பு செய்தால் முடிந்தது.

இடம் மாறும்போது, விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்களைக் கையால் நகர்த்தக் கூடாது. படம், பாட்டு, ஆவணங்கள் மட்டும் போகலாம். கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டாவை நகர்த்தினால், புதிய இடம் எது என்று அந்த சாஃப்ட்வேருக்குள்ளும் சொல்லியாக வேண்டும். வெட்டி ஒட்டாதீர்கள். பிரதி எடுத்து, புதிய இடத்திலிருந்து திறந்து பார்த்து, ஒரு வாரம் கழித்துப் பழையதை அழியுங்கள். விண்டோஸையே எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுபவர்கள் குளோன்ஜில்லா போன்ற இலவச சாஃப்ட்வேர் மூலம் பிரதி எடுக்கலாம். எடுத்த பின் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் முதல்முறை ஆன் செய்ய வேண்டும். ஒரே மாதிரி இரட்டையர்களைப் பார்த்தால் விண்டோஸ் குழம்பிப்போகும்.

இரண்டு இருந்தால் போதுமா?

இதுதான் பலரும் தவறாக நினைப்பது. ஒரே பெட்டிக்குள் இரண்டு பிரதிகள் இருப்பது நல்லதுதான், ஒரு டிஸ்க் மட்டும் செத்தால் காப்பாற்றும். டிஸ்க்குகள் சாவது அபூர்வம் அல்ல. லட்சக்கணக்கில் டிஸ்க் வைத்திருக்கும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட கணக்கில், 2024ல் நூற்றுக்கு 1.57 பழுதாயின. அவை ஏ.சி. அறையில், சீரான கரண்டில் ஓடியவை. நம் வீட்டு மேஜைக்கு அடியில் ஓடுபவை அல்ல.

ஆனால் இடி விழுந்தால் இரண்டு டிஸ்க்கும் போகும். பெட்டியைத் திருடன் தூக்கினால் இரண்டும் போகும். 2017 மே மாதம் சுமார் 150 நாடுகளைக் கலக்கிய வன்னாக்ரை போன்ற வைரஸ் வந்தால், மாட்டியிருக்கும் எல்லா டிஸ்க்கிலும் உள்ள ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். இதற்கெல்லாம் ஒரே மருந்து, மூன்றாவதாக ஒரு பிரதி. வெளிப்புற டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, முடிந்தால் வேறு வீட்டில் வைக்க வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்கள், ஒன்று வெளியூரில் என்பது புகைப்படக்காரர்களிடம் பழகிப்போன விதி. மாதத்துக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டால் போதும்.

கழற்றிய டிஸ்க் இருந்தால் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் நினைவிருக்கட்டும்: ‘குவிக் ஃபார்மட்’ எதையும் உண்மையில் அழிப்பதில்லை. வங்கி எண்களும் வருமான வரிக் கணக்கும் உள்ளேயே கிடக்கும். ‘குவிக்’ என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்தால், விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸ்கள் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும். சில மணி நேரம் ஆகும், பொறுமை வேண்டும். பிறகு பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் அதற்காகத்தான் இருக்கின்றன.

கணக்குப் போட்டால் ஒரு டிஸ்க், ஒரு கேபிள், நான்கு திருகு. செத்த டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தரும் இடங்களில் கேட்கும் தொகையில் இப்படிப் பல டிஸ்க்குகள் வாங்கலாம். அதிலும் ‘முயற்சி செய்கிறோம்’ என்ற வாக்குறுதிதான் கிடைக்குமே தவிர, ஃபைல்கள் கிடைக்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை.